அரை மணி நேரம் கொடுங்கள்: டாஃப்னி ஓரம் நூற்றாண்டில் பிபிசிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிபிசி நிர்வாகத்தினருக்கும், ரேடியோ 3 நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழிலேயே எழுதுகிறேன். 1941 மே மாதத்திலிருந்து நீங்கள் எங்களோடு தமிழில் பேசிவருகிறீர்கள். அத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி ஒரே ஒருமுறை திருப்பிப் பேசினால் தவறில்லை என்று நினைக்கிறேன். படித்துச் சொல்ல உங்களிடமே தமிழறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

2025 டிசம்பர் 31ஆம் தேதியோடு டாஃப்னி ஓரம் பிறந்து நூறு ஆண்டுகள் நிறைகின்றன. 1925ஆம் ஆண்டின் கடைசி நாளில், வில்ட்ஷயர் மாவட்டத்து டிவைசஸ் என்ற ஊரில் பிறந்தவர். 17 வயதில் உங்களிடம் வேலைக்குச் சேர்ந்தார். 33 வயதில் உங்களை விட்டு வெளியேறினார். நடுவில் இருந்த அந்தப் பதினாறு ஆண்டுகளைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

நூற்றாண்டு என்றால் பாராட்டுச் சொற்களுக்குக் குறைவிருக்காது. முன்னோடி என்பார்கள். பொறியாளர் என்பார்கள். மின்னணு இசைக்கு வழி திறந்த பெண் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் விரும்பிய சொல் வேறு: இசையமைப்பாளர். அந்தச் சொல்லைத்தான் அவருக்குக் கொடுக்க நீங்கள் தயங்கினீர்கள். இசையமைப்பாளருக்கு விழா எடுப்பதற்கு உலகத்தில் ஒரே வழிதான் இருக்கிறது. அவருடைய இசையை ஒலிக்கவிட வேண்டும். நான் கேட்பதும் அவ்வளவுதான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு வானொலி நிலையத்தில் 27 ஆண்டுகள் ஒலிநாடா தொகுக்கும் வேலையில் இருந்தவள். கணினி வருவதற்கு முந்தைய காலம். ஸ்பூல் டேப், பிளேடு, ஒட்டுநாடா, மஞ்சள் மெழுகுப் பென்சில். இவைதான் என் கருவிகள். நொடிக்கு 7½ அங்குல வேகத்தில் நாடா ஓடும். ஆகவே ஒரு நொடி என்பது எங்களுக்குக் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய பொருள். பேச்சாளர் இருமினால் அந்த இருமல் நான்கு அங்குலம். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே அவர் மூச்சு வாங்கினால் அது மூன்று அங்குலம். இரண்டு ஸ்பூல்களையும் இரண்டு கைகளால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டினால், குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல முனகும். அந்த முனகலில் ஒரு சொல் எங்கே பிறக்கிறது என்று காதால் தேடிப் பிடித்து, நாடாவின் முதுகில் பென்சிலால் கோடு போட்டு, உலோகக் கட்டையின் சாய்ந்த பள்ளத்தில் வைத்து அறுக்க வேண்டும். நேராக அறுத்தால் ஒட்டிய இடத்தில் 'டப்' என்று கேட்கும். சாய்த்து அறுத்தால் ஒரு ஒலி இன்னொன்றுக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

ஒருநாள் ஒரு நாடகத்துக்காகக் கோயில் மணியோசையை எடுத்து வைத்திருந்தேன். நாக்கு மணியில் மோதும் அந்த முதல் அடி மிகவும் பலமாக இருந்தது. அதை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு மீதியைப் போட்டுக் கேட்டேன். மணி காணாமல் போயிருந்தது. அங்கே இருந்தது வேறு ஏதோ ஒன்று. ஊதுகிற வாத்தியமா, மனிதக் குரலா என்று சொல்ல முடியாத ஒரு நீண்ட கார்வை. மோதல் போனதும் மணி தன் அடையாளத்தையே இழந்துவிட்டது. அறையில் தனியாக உட்கார்ந்து அதை இருபது முறையாவது கேட்டிருப்பேன். அந்த நாடகத்தில் ஒரு தாய் தன் மகன் இறந்த செய்தியைக் கேட்கும் இடத்தில் அதைச் சேர்த்தேன். கேட்டவர்கள் பலர் அதைப் பற்றிப் பேசினார்கள்.

நாடகம் முடிந்ததும் எழுதியவர், நடித்தவர்கள், தயாரித்தவர் என்று பெயர்கள் வாசிக்கப்பட்டன. என் பெயர் இல்லை. ஒரு முறை தயங்கித் தயங்கி மேலிடத்தில் கேட்டேன். "அது சத்தம்தானே அம்மா, சங்கீதம் இல்லையே" என்றார்கள். கோபத்தோடு சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார்கள். அதனாலேயே அந்த வாக்கியம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

டாஃப்னி ஓரத்தைப் பற்றி நான் பல ஆண்டுகள் கழித்து, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். படித்த அன்று இரவு தூங்கவில்லை.

1942இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் அவருக்கு இடம் கிடைத்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 1943இல் உங்கள் ஒலிப்பதிவுப் பிரிவில் இளநிலைப் பணியாளராகச் சேர்ந்தார். போர்க்காலம். குயின்ஸ் ஹால் அரங்கம் குண்டுவீச்சில் எரிந்துபோனதால் ப்ராம்ஸ் என்ற கோடைகால இசைவிழாக் கச்சேரிகள் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு வந்திருந்தன. அங்கே அவருடைய வேலை என்ன தெரியுமா? மேடையில் இசைக்குழு வாசிக்கும்போது, அதே இசையின் இசைத்தட்டை அதே வேகத்தில், அதே இடத்தில் ஓடவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வான்தாக்குதலால் கச்சேரி நின்றுபோனால், ஒலிபரப்பு இசைத்தட்டுக்கு மாறிவிடும். வீட்டில் கேட்பவருக்கு எதுவும் தெரியாது. 17 வயதுப் பெண் ஒருத்தி ஒரு காதில் நேரடி இசையும் மறு காதில் பதிவான இசையுமாக இரவுக்கு இரவு உட்கார்ந்திருக்கிறாள். இந்த இரண்டையும் சேர்த்தே ஒரு இசையை எழுதினால் என்ன என்று அவளுக்குத் தோன்றாமல் இருக்குமா?

தோன்றியது. எழுதினார். 1949 வாக்கில், 23 வயதில், 'ஸ்டில் பாயின்ட்' என்ற படைப்பை முடித்தார். அதில் இரண்டு இசைக்குழுக்கள். ஒன்று அரங்கின் இயல்பான எதிரொலியோடு வாசிக்கும். மற்றொன்றைச் சுற்றி ஒலியை உறிஞ்சும் தடுப்புகள், எதிரொலியே இராது. கோயில் பிரகாரத்தில் கேட்கும் நாகஸ்வரத்தையும், நெல் மூட்டைகள் அடுக்கிய அறையில் கேட்கும் நாகஸ்வரத்தையும் ஒரே நேரத்தில் நினைத்துப் பாருங்கள். இவற்றோடு ஐந்து மைக்குகள். முன்கூட்டியே பதிவு செய்த இசைத்தட்டுகள். அந்தத் தட்டுகளைக் கச்சேரி நடக்கும்போதே சுழலவிட்டு, ஒலியை மாற்றி, இசைக்குழுவோடு கலக்க வேண்டும். மைக்கையும் இசைத்தட்டையும் வயலின்போல, கிளாரினெட்போல வாத்தியங்களாக இசைப்பிரதியில் எழுதிவைத்தார். இசைக்குழுவின் ஒலியை நேரடி மின்னணு மாற்றத்தோடு சேர்த்த முதல் படைப்பு இதுதான் என்று கருதுகிறவர்கள் பலர்.

நீங்கள் அதை நிராகரித்தீர்கள்.

அந்தப் படைப்பு அவர் உயிரோடு இருந்தவரை ஒரு முறைகூட ஒலிக்கவில்லை. ஒரு முறைகூட. இசைப்பிரதி எழுதத் தெரிந்தவருக்கு அது மனத்துக்குள் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆனால் மைக்கையே வாத்தியமாக வைத்து எழுதப்பட்ட ஒன்றை மனத்துக்குள் எவ்வளவுதான் கேட்பது?

அதே 1940களின் கடைசியில்தான், அதே நிறுவனத்தில், யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம் உங்கள் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டினார். இருவரும் சந்தித்தார்களா என்பது என் கேள்வியில்லை. ஓசை என்ற சொல்லுக்கு ஒரு நிறுவனத்தில் ஒரே காலத்தில் இரண்டு பேர் உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஒருவர் வைத்த பெயரை எங்கள் ஊர் பாட்டிமார்கூடச் சொன்னார்கள். மற்றவர் எழுதியது பெட்டிக்குள் போனது.

தமிழில் எழுதும்போது அவருடைய குடும்பப் பெயர் 'ஓரம்' என்று வருகிறது. முதல் முறை எழுதியபோது பேனாவை வைத்துவிட்டேன்.

நிராகரித்த பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. 1950களில் ஸ்டூடியோ மேலாளராக உயர்ந்தார். பாரிஸில் பிரெஞ்சு வானொலி நாடாவை வைத்து என்ன செய்கிறது என்று பார்த்துவந்து, இங்கும் அப்படியொரு கூடம் வேண்டும் என்று விடாமல் கேட்டார். கேட்டுக்கொண்டே, மாலையில் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, பல ஸ்டூடியோக்களிலிருந்து டேப் ரெக்கார்டர்களை உருட்டிக்கொண்டு வந்து ஓரிடத்தில் சேர்த்து இரவெல்லாம் வேலை செய்வார். வெட்டுவார், ஒட்டுவார், மெதுவாக்குவார், திருப்பிப்போடுவார். காலையில் அலுவலகம் திறப்பதற்குள் ஒவ்வொன்றையும் அதனதன் அறையில் கொண்டுபோய் விட்டுவிடுவார். அந்தக் காலத்து ரெக்கார்டரின் கனம் என்னவென்று எனக்குத் தெரியும். சக்கரம் வைத்த ஒன்றைத் தாழ்வாரம் முழுக்கத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். வாசற்படி வந்தால் இரண்டு பேர் வேண்டும். ஆகவே 'இரவில் வேலை செய்தார்' என்று நூல்களில் ஒற்றை வரியில் கடந்துபோகும்போது எனக்கு அந்தச் சக்கரங்களின் சத்தம் கேட்கிறது.

1957இல் 'ஆம்ஃபிட்ரியான் 38' என்ற நாடகத்துக்கு அவர் அமைத்த இசை, உங்கள் வரலாற்றிலேயே முழுக்க முழுக்க மின்னணு ஒலியால் ஆன முதல் நாடக இசை. ஒலியலை உண்டாக்கும் ஒரு ஆசிலேட்டர், ஒரு டேப் ரெக்கார்டர், தாமே வடிவமைத்த ஒலி வடிகட்டிகள், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு, 1958 ஏப்ரலில், லண்டனில் உங்கள் மைடா வேல் ஸ்டூடியோக் கட்டடத்தின் 13ஆம் எண் அறையில் ரேடியோஃபோனிக் வொர்க்ஷாப் திறக்கப்பட்டது. டெஸ்மண்ட் பிரிஸ்கோவும் டாஃப்னி ஓரமும் அதைத் தோற்றுவித்தவர்கள். அவர் கேட்டது கிடைத்துவிட்டதுபோலத் தோன்றும். கிடைக்கவில்லை. நாடகங்களுக்கு வேண்டிய விசித்திர ஒலிகளைச் செய்து கொடுக்கும் பட்டறையாகத்தான் அதை நீங்கள் நினைத்தீர்கள். இசை எழுதும் இடமாக நினைக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அவர் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்குப் போய், மற்ற நாடுகள் இதை இசை என்று வெளிப்படையாகச் சொல்லி மேடையேற்றுவதைக் கண்டார். திரும்பி வந்த சில மாதங்களில் வேலையை விட்டார். தாம் கேட்டு வாங்கிய அறையில் ஓராண்டுகூட அவரால் இருக்க முடியவில்லை.

"சத்தம்தானே அம்மா." உங்கள் கோப்புகளில் இதை வேறு சொற்களில் எழுதியிருப்பீர்கள். பொருள் ஒன்றுதான்.

கென்ட் மாவட்டத்தில், ஃபேர்சீட் என்ற சிற்றூரில், ஹாப்ஸ் பூக்களை உலர்த்தக் கட்டிய பழைய சூளைவீடு ஒன்றில் குடியேறி, அதையே தம் ஸ்டூடியோவாக்கிக்கொண்டார். விளம்பரங்களுக்கும் திரைப்படங்களுக்கும் ஒலி அமைத்துக் கொடுத்து வயிற்றைக் கழுவினார். 1961இல் வந்த 'தி இன்னொசென்ட்ஸ்' படத்தில் நடுங்கவைக்கும் மின்னணு ஒலிகள் அவர் செய்தவை. அங்கும் திரையில் பெயர் இல்லை. சம்பாதித்ததெல்லாம் ஒரு கனவுக்குப் போயிற்று. 1962இல் குல்பென்கியன் அறக்கட்டளை 3,550 பவுண்டு கொடுத்தது. அந்தப் பணத்தோடு அவர் உருவாக்கியதுதான் ஓராமிக்ஸ் எந்திரம்.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பத்து 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சுருள்கள் பக்கம் பக்கமாக ஒரே சீராக நகர்கின்றன. அவற்றின் மேல் இசையமைப்பாளர் கருப்பு மையால் வரைகிறார். கீழிருந்து வெளிச்சம் வருகிறது. வரைந்த இடத்தில் மறைக்கப்பட்டு, மீதி வெளிச்சம் ஒளிமின்கலத்தில் விழுகிறது. அந்த ஏற்ற இறக்கம் ஒலியாக மாறுகிறது. ஒரு சுருள் ஸ்தாயியை முடிவு செய்கிறது, ஒன்று ஒலியின் கனத்தை, ஒன்று அசைவை. நாதத்தின் குணத்தைக்கூடக் கண்ணாடித் தகட்டில் தனியாக வரைந்துகொள்ளலாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு கீர்த்தனையை ஸ்வரப்படுத்தி எழுதினால் ச, ரி, க, ம என்ற எழுத்துகள்தான் தாளில் நிற்கும். தோடியின் காந்தாரம் எப்படி ஆடுகிறது, எந்த இடத்தில் தொட்டு எந்த இடத்தில் இறங்குகிறது என்பது எழுத்தில் வராது. குருவின் வாயிலிருந்து சீடனின் காதுக்குத்தான் அது போக வேண்டும். மேற்கத்திய இசைப்பிரதியிலும் இதே குறை உண்டு. புள்ளியை எழுதலாம், புள்ளிக்குள் நடக்கும் அசைவை எழுத முடியாது. டாஃப்னி ஓரம் எழுத நினைத்தது அந்த அசைவைத்தான். ஒரு ஸ்வரம் பிறந்து, பருத்து, நடுங்கி, ஓயும் வரையிலான முழு வாழ்க்கையையும் கையால் வரைந்துவிட வேண்டும் என்று விரும்பினார். எந்திரம் இசையைக் குளிர்ந்துபோகச் செய்யும் என்று பயந்தவர்கள் உண்டு. அவர் கட்டிய எந்திரத்தில் மனிதக் கையின் நடுக்கம்கூட ஒலியாகிறது. 1972இல் அவர் எழுதிய நூல் மின்சாரச் சுற்றுகளையும் மனித உடலையும் உள்ளத்தையும் ஒரே மூச்சில் பேசுகிறது. மின்பொறியியல் படிக்காத நான் அதை ஒரு கதைபோலப் படித்தேன்.

2003 ஜனவரி 5ஆம் தேதி அவர் காலமானார். அவருடைய நாடாக்களும் தாள்களும் இப்போது கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் இருக்கின்றன. எந்திரம் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போனது. 2011இல் அதை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால், ஒலி இல்லாமல்.

அந்த வொர்க்ஷாப்பில் பிறகு வந்தவர்களுக்கும் இதே கதைதான் நடந்தது. 1963இல் உங்கள் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையை ரான் கிரெய்னர் எழுதினார். அதை நாடாவில் அங்குலம் அங்குலமாகக் கட்டி நாம் இன்று கேட்கும் ஒலியாக்கியவர் டெலியா டெர்பிஷயர். திரையில் அவர் பெயர் வந்தது 2013இல், தொடரின் ஐம்பதாம் ஆண்டில். அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 

நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2016இல் ஷிவா ஃபெஷாரெக்கியும் லண்டன் கன்டெம்பரரி ஆர்கெஸ்ட்ராவும் 'ஸ்டில் பாயின்ட்' படைப்பை முதன்முதலில் உயிர்ப்பித்தார்கள். பின்னர் இறுதி இசைப்பிரதி கிடைத்ததும், ஃபெஷாரெக்கியும் ஜேம்ஸ் புல்லியும் அதைத் திருத்தி அமைத்து, 2018 ஜூலை 23ஆம் தேதி உங்கள் ப்ராம்ஸ் விழாவில் மேடையேற்றினார்கள். ராயல் ஆல்பர்ட் ஹாலில். 17 வயதில் இசைத்தட்டைச் சுழலவிட்டுக் காத்திருந்தாரே, அதே அரங்கில். எழுதி ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு. அதற்காக உங்களுக்குக் கை கூப்புகிறேன், மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் ஒரு முறை ஒலித்தால் போதுமா? பீத்தோவனை ஒரு முறை வாசித்துவிட்டு, கடமை முடிந்தது என்று யாராவது மூடிவைக்கிறார்களா? ஒரு படைப்பை வெவ்வேறு குழுக்கள், வெவ்வேறு நடத்துநர்கள், நன்றாகவும் சுமாராகவும் திரும்பத் திரும்ப வாசித்த பிறகுதான் அது இசையுலகத்தின் சொத்தாகிறது. அதுவரை அது செய்தி மட்டுமே. 'ஸ்டில் பாயின்ட்' இன்னும் செய்தியாகவே இருக்கிறது. கேட்டவர்களைவிட அதைப் பற்றிப் படித்தவர்கள் அதிகம்.

ஆகவே என் விண்ணப்பம். வருகிற டிசம்பர் 31ஆம் தேதி இரவு, வானொலியில், அவருக்கு அரை மணி நேரம் கொடுங்கள். 'ஸ்டில் பாயின்ட்' முழுதாக ஒலிக்கட்டும், துண்டு போட்டு நடுவில் பேச்சு வைக்க வேண்டாம். 1923ஆம் ஆண்டு டிசம்பர் 31 நள்ளிரவில்தான் நீங்கள் முதன்முதலாக பிக் பென் மணியோசையை ஒலிபரப்பினீர்கள். இரண்டே ஆண்டுகள் கழித்து, அதே தேதியில் அவர் பிறந்தார். புத்தாண்டு மணி அடிப்பதற்கு முன்னால் அவருடைய இசை முடியட்டும், அதன் கடைசி ஒலி அடங்கியதும் மணி அடிக்கட்டும். அந்த மணியின் முதல் அடியை இந்த முறை கேட்பவர்கள் வேறு காதோடு கேட்பார்கள்.

தொடங்குவதற்கு முன் அறிவிப்பாளர் மூன்று வாக்கியங்கள் சொல்லட்டும். இதை எழுதியவர் எங்கள் ஊழியர். இதை நாங்கள் நிராகரித்தோம். இவர் ஒரு இசையமைப்பாளர். இந்த மூன்று போதும். சொல்பவர் ஒலிப்பதிவு மேசையில் இன்று உட்கார்ந்திருக்கும் இளம் ஊழியராக இருந்தால் இன்னும் நல்லது.

அதன் பிறகு, உங்களிடம் ஐந்து இசைக்குழுக்கள் இருக்கின்றன. இரண்டு குழு வேண்டிய படைப்புக்கு இதைவிட வசதி வேறு யாருக்கு உண்டு? செலவு அதிகம், ஒத்திகை கடினம் என்று கணக்குப் பார்ப்பவர்கள் சொல்வார்கள். அவர் ரெக்கார்டர்களை இரவில் தள்ளிக்கொண்டு போன தூரத்தை அவர்களிடம் சொல்லுங்கள். மைடா வேல் கட்டடத்தை விட்டு கிழக்கு லண்டனுக்கு இடம் மாறப்போகிறீர்கள் என்று படித்தேன். புதிய இடத்தில் ஓர் அறைக்கு அவர் பெயரை வைத்தால் மகிழ்வேன். பெயர்ப்பலகை மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள், அந்த அறைக்குள் அவருடைய இசை ஒத்திகை பார்க்கப்பட வேண்டும்.

லண்டனில் இரவு 11.30 ஆகும்போது எனக்கு இங்கே விடியற்காலை 5 மணி. மார்கழி மாதம். தெருவில் கோலம் போடுகிறவர்கள் எழுந்திருப்பார்கள், கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கியிருக்கும். நான் வாசல் வேலையை 4.30க்கே முடித்துவிட்டு, பின்கட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மேசை மேல் என் பழைய பிளேடும் மஞ்சள் பென்சிலும் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வானொலி ஒலித்தொகுப்பாளர் ஒருத்தி,
கும்பகோணம்